வீட்டில் தமிழ் பேசினால் ‘வாஸ் ஈட்டிங்’ வராதா?

அமெரிக்காவில் எடிசன், ஃப்ரீமாண்ட், பிளேனோ என்று எந்த ஊரானாலும், நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடும் பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டி முடிந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். “நாலாங்கிளாஸ் வந்துட்டா, இன்னும் டென்ஸ்ல தடுமாறுறா. வீட்ல தமிழ் பேசுறதாலதான். இனிமே இங்கிலீஷ்தான்.” சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. தமிழில் ‘வாஸ் ஈட்டிங்’ போன்ற காலமே கிடையாது. நம்மவர்களின் ஆங்கிலப் பிழையெல்லாம் தமிழிலிருந்து வருவது. ஆகவே தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் சரியாகிவிடும். மூன்றும் தவறு. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு.

நாலாம் வகுப்பில் ஏன் இந்தப் பீதி? 2010-ல் வெளிவந்த காமன் கோர் பாடத்தரம், மூன்று காலங்களிலும் தொடர்வினையை அமைக்கவும் பயன்படுத்தவும் அந்த வகுப்பில்தான் கேட்கிறது. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் அந்த ஆண்டே அதை ஏற்றுக்கொண்டன. டெக்சாஸ் ஏற்கவே இல்லை. அங்கே ‘டெக்ஸ்’ என்ற தனிப் பாடத்திட்டம். ஆனாலும் பிளேனோவிலும் புலம்பல் இதேதான். ஒர்க்‌ஷீட்டில் ‘பாஸ்ட் ப்ராக்ரஸிவ்’ என்று இருப்பதைப் பார்த்து ஏதோ புதுசு என்று அப்பா பயப்படுகிறார். அவர் மதுரையில் படித்த ‘பாஸ்ட் கன்டினியூவஸ்’தான் அது.

சரி, தமிழில் இல்லையா? அமெரிக்க அபார்ட்மென்ட்டில் வத்தக்குழம்பு தாளித்த எவருக்கும் தெரிந்த காட்சியையே எடுத்துக்கொள்வோம். “பாட்டி தாளிச்சிட்டு இருந்தாங்களா, ஸ்மோக் அலாரம் அடிச்சிடுச்சு.” ஆறு வயதுப் பிள்ளை இதைத் தடுமாறாமல் சொல்லும். தாளிப்பு நீண்டுகொண்டிருந்த செயல். அலாரம் அதன் நடுவே வந்து விழுந்த செயல். முதலாவதற்கு ‘இட்டு இருந்தாங்க’, இரண்டாவதற்கு வெறும் இறந்தகாலம். ஆங்கிலத்தில் ‘வாஸ் குக்கிங்’, ‘வென்ட் ஆஃப்’ என்று பிரிவதும் இதே இடத்தில்தான். பாதி முடிந்த செயலுக்குள் நின்று கதை சொல்வது என்ற கடினமான பகுதியை இந்தப் பிள்ளை தமிழிலேயே முடித்துவிட்டது. அமைப்பைப் பார்த்தால் தமிழ்தான் அதிகம் கேட்கிறது: இருந்தேன், இருந்தாய், இருந்தான், இருந்தாள், இருந்தார்கள், இருந்தது. ஆங்கிலம் வாஸ், வேர் என்று இரண்டோடு விட்டுவிடுகிறது.

காலத்தை விட்டு மரியாதைக்குத் தாவும் பயன்பாடும் இரண்டிலும் உண்டு. மேனேஜரிடம் லீவு கேட்கும்போது ‘ஐ வாஸ் ஹோப்பிங்’ என்று தொடங்குகிறோமே, அதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? ஆசை இந்த நிமிடத்து ஆசை. வற்புறுத்தலைக் குறைக்கத்தான் வினையைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். “அண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு நினைச்சிட்டு இருந்தேன்” என்பவரும் இதையே செய்கிறார். இல்லாத காலத்தை வைத்து இவ்வளவு நயமாகக் கடன் கேட்க முடியாது.

இரண்டாவது நம்பிக்கைக்கு எப்போதும் ஒரே சாட்சி: ‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’. இதைத் தமிழின் தலையில் கட்டுகிறவர்கள் ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்ததில்லை. “எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருந்தது” என்று எந்தத் தமிழர் பேசுகிறார்? “எனக்கு இட்லி பிடித்துக்கொண்டிருந்தது” என்று சொன்னால் சிரிப்பார்கள். தெரியும், பிடிக்கும், வேண்டும் போன்ற வினைகளைத் தமிழ் இந்த வடிவத்துக்குள் விடுவதே இல்லை. ஆங்கிலமும் பெரும்பாலும் விடுவதில்லை. தமிழை அப்படியே பெயர்த்திருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது. என் கணிப்பில் இது கரும்பலகையில் பிறந்த பிழை. ‘வாஸ்’ கூட்டல் வினை கூட்டல் ‘இங்’ என்ற சூத்திரத்தை எல்லா வினைக்கும் பொதுவாக உருப்போட வைத்ததன் விளைவு. இத்தனைக்கும், நம்மூர்ப் பள்ளிகள் பைபிள்போல வைத்திருந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமே எந்தெந்த வினைகள் தொடர்வடிவத்தில் சாதாரணமாக வராது என்று பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்போல. (2003-ல் மெக்டொனால்ட்ஸ் ‘ஐ’ம் லவ்வின் இட்’ என்று உலகம் முழுக்கக் கூவத் தொடங்கியதிலிருந்து ‘லவ்’ விஷயத்தில் அமெரிக்கர்களே பிடியைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை.)

தமிழிலிருந்து நிஜமாகவே கசியும் இடங்களும் உண்டு. “அப்போ ஒரு ஸ்கூட்டர் வச்சிட்டு இருந்தேன்” என்பது ‘ஐ வாஸ் ஹேவிங் எ ஸ்கூட்டர்’ ஆகிறது. “சின்ன வயசுல வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போயிட்டு இருந்தோம்” என்பது ‘வீ வேர் கோயிங்’ ஆகிறது. இங்கே ‘யூஸ்ட் டு’ என்பார்கள். ஆனால் இவை யாருடைய பிழைகள்? திருச்சியில் படித்து முப்பது வயதில் விமானம் ஏறிய நம்முடையவை. நாள் முழுக்கப் பள்ளியில் ஆங்கிலம் கேட்கும் பிள்ளையின் வாயில் இவை அபூர்வம்.

பிள்ளை தடுமாறுவது வேறு இடத்தில். ஹார்வர்டின் ராஜர் பிரவுன் 1973-ல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் மட்டுமே பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்தது. அவர் கணக்கெடுத்த 14 இலக்கணக் கூறுகளில் ‘இங்’ முதலில் வந்தது. அதன் துணைவினை கடைசியாக வந்த சிலவற்றில் ஒன்று. வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லும் கேட்காத குழந்தைகள் அவர்கள். நாலாம் வகுப்பு ஒர்க்‌ஷீட்டில் சிவப்பு விழும் இடங்களைப் பாருங்கள்: ‘யூ’வுக்கு ‘வாஸ்’ போட்டிருக்கும், ‘ரன்னிங்’கில் ஒரு ‘என்’ குறைந்திருக்கும், ‘மேக்கிங்’கில் ‘இ’ போகாமல் நிற்கும். பக்கத்து பெஞ்ச் எமிலிக்கும் இதே சிவப்புதான். எமிலி வீட்டில் யாரும் எந்த மொழியையும் நிறுத்தச் சொல்வதில்லை.

தமிழை நிறுத்தினால் என்ன மிஞ்சும்? “ஹோம்வொர்க் டன்? டின்னர் ரெடி. கோ டு பெட்.” அலுத்து வரும் பெற்றோரின் வீட்டு ஆங்கிலம் பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் தொடர்வினைக்கு வேலையே இல்லை. வாட்ஸ்ஆப்பில் கும்பகோணத்துப் பாட்டி, “அவன் தள்ளினப்போ நீ எங்க நின்னுட்டு இருந்தே? டீச்சர் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?” என்று துருவும்போதுதான் பிள்ளைக்குப் பின்னணியையும் நிகழ்வையும் பிரித்துச் சொல்லும் பயிற்சி கிடைக்கிறது.

தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு உரம் போடுவது பள்ளிச் சேர்க்கைப் படிவம். வீட்டில் என்ன மொழி என்ற கேள்விக்குத் தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். “இங்கிலீஷ்னு போட்டுடு” என்று அனுபவஸ்தர்கள் காதோடு சொல்லிவிடுவார்கள். ஆனால் தேர்வில் தேறினால் வழக்கமான வகுப்பு. தேறாவிட்டால் கூடுதல் ஆங்கில உதவி, பிறகு ஆண்டுதோறும் தேர்வு: கலிஃபோர்னியாவில் எல்பாக், நியூ ஜெர்சியில் விடாவின் ஆக்சஸ், டெக்சாஸில் டெல்பாஸ். இவை அளப்பது பிள்ளையின் ஆங்கிலத்தை. வீட்டுத் தமிழுக்கு எதிலும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குப் பள்ளி உதவியே ஆகவேண்டும் என்று வழக்காடி 1974-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள் சான் ஃப்ரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள். அவர்கள் வாங்கித் தந்ததைத்தான் நாம் படிவத்தின் ஒரு கட்டத்தில் பொய் எழுதி வேண்டாம் என்கிறோம்.