கோயில் அண்டா துக்க வீட்டுக்கு வராது

குருண் வட்டார கோயில் தொண்டர்கள் நாங்க எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரத்துல இருந்து வாட்சாப்புல ஒரே பேச்சு. துக்க வீட்டுக்கு நாற்காலி கொடுத்தாங்களாம், பந்தல் கொடுத்தாங்களாம், சமைக்க அண்டா கேட்டா மட்டும் இல்லைன்னுட்டாங்களாம். "அண்டா என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இல்லீங்க, கோயில் சொத்து. அதனாலதான் கொடுக்கல.

"செத்தவருக்கு கோவிட் இல்லையே, ரிசல்ட் நெகட்டிவ்தானே" இதுதான் எல்லாரும் சொல்றது. சரி. 2021-ல கோவிட்ல போனவங்க உடம்பு வீட்டுக்கே வரல, ஆஸ்பத்திரியில இருந்து நேரா சுடலைக்குத்தான் போச்சு. ஆனா அப்போ போலீஸ் லெட்டர் வாங்கிக்கிட்டு பினாங்குல இருந்து வந்த மச்சானுக்கு யார் டெஸ்ட் எடுத்தது? 2021 ஆகஸ்ட் 26-ஆம் தேதி ஒரே நாள்ல நாட்டுல 24,599 பேருக்கு வந்துச்சு. பயப்பட வேண்டியது பெட்டியில படுத்திருக்கிறவருக்கு இல்ல, பெட்டியைச் சுத்தி நிக்கிறவங்களுக்கு.

இது புரியாமதான் 2020 ஏப்ரல்ல சென்னையில டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் பண்ண விடாம ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சாங்க. பொணத்தைப் பார்த்து ஓடுறான், பந்தியில தோளோட தோள் இடிச்சு உட்கார்றான். என்ன கணக்கு இது?

அமெரிக்காவுல சிகாகோவுல 2020 தொடக்கத்துல நடந்ததைப் பாருங்க. லேசா சளி மாதிரி இருந்த ஒருத்தர் துக்கக் குடும்பத்தோட உட்கார்ந்து, பொதுப் பாத்திரத்துல எடுத்து சாப்பிட்டிருக்கார். மறுநாள் சாவுலயும் சாப்பாடு, கட்டிப்பிடிச்சு ஆறுதல். அடுத்து சொந்தத்துல ஒரு பிறந்தநாள் விருந்து. அந்த வரிசையில மொத்தம் 16 பேருக்கு நோய், 3 பேர் இறந்துட்டாங்க. எங்கள்ல பாதிப்பேர் ஃபேக்டரி ஆளுங்க, எங்களுக்கு இது புதுசு இல்ல. லைன்ல மாஸ்க் போட்டு நிக்கிறவனை விட கேன்டீன்ல மாஸ்க்கைக் கழட்டி எதிர்ல சாப்பிடுறவன்தான் ஆபத்து.

"சோறு போடாம அனுப்புறது நம்ம பண்பாடா?"ன்னு கேக்குறாங்க. எந்தப் பண்பாடு? தோட்டத்துல பாட்டன் காலத்துல பொணம் கிடக்கிற வீட்ல அடுப்பே மூட்ட மாட்டாங்க. பக்கத்து லயத்துக்காரங்கதான் கோப்பியும் கஞ்சியும் கொண்டாந்து கொடுப்பாங்க. கேட்டரிங், மீ கோரெங், மூணு வகை பொரியல் எல்லாம் நேத்து வந்தது. அதை விட்டா ஆத்மா சாந்தியடையாதுன்னு எந்தத் திருமுறையில இருக்கு?

சடங்கை நாங்க குறைக்கச் சொல்லல. குளிப்பாட்டுறவங்க கையுறை போட்டுக்கோங்க. உடம்பை ஹால்ல வைக்காதீங்க, காத்தோட்டமா வாசல் பந்தல்ல வைங்க. அஞ்சஞ்சு பேரா வந்து முகம் பார்த்துட்டுக் கிளம்பணும். வாய்க்கரிசி வீட்டு ஆளுங்க மட்டும். சிவபுராணம் பாட ஒருத்தர் போதும், மத்தவங்க மனசுக்குள்ள பாடலாம். சளி, காய்ச்சல் இருக்கிறவங்க, வயசானவங்க போன்ல பார்த்துக்கோங்க. அன்னைக்கே எடுத்துடணும். போலீஸ் பெர்மிட்டுக்கு அலையறதுக்கு நாங்க கூட வர்றோம். தூக்க நாலு பேர் இல்லன்னா அதுக்கும் வர்றோம், எந்த ஜாதி எந்த வீடுன்னு கேக்க மாட்டோம்.

கதறி அழுற அக்காவைக் கட்டிப்பிடிக்காம எப்படி நிக்கிறதுன்னு கேட்டா, எங்ககிட்ட பதில் இல்லைங்க. மாஸ்க்கைக் கழட்டாதீங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லணும்னு இல்ல, காலையில ஒரு போன் போட்டா போதும். கோயில் மடப்பள்ளியில சைவமா சமைச்சு, பொட்டலமா கட்டி வாசல்ல கொடுத்துட்டுப் போவோம். அவங்கவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் சாப்பிடுங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதேதான். அண்டா மடப்பள்ளியை விட்டு வெளியே வராது. ஆண்டுக் கூட்டத்துல எங்களை மாத்தணும்னா தாராளமா மாத்துங்க, சாவி அன்னைக்கு கொடுக்குறோம்.