குளம் பார்த்து ரோபோ வாங்குங்கள்



வெயில் ஏற ஏற, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீச்சல் குளத்துப் பேச்சும் சூடு பிடிக்கிறது. குளத்தைச் சுத்தம் செய்ய ரோபோ வாங்கலாமா, வாங்கினால் மலிவானதா, விலை உயர்ந்ததா என்று சங்கப் பொறுப்பில் இருக்கும் வாசகர்கள் கேட்கிறார்கள். சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும் பொருள். அத்தனை குடும்பங்களும் கட்டும் பராமரிப்புப் பணம். அதனால் இந்த முறை இந்தப் பக்கம் அதற்கே.

கம்பும் குழாயும் வைத்து ஆள் வேக்குவம் போடும்போது, அழுக்கு மணல் ஃபில்டருக்குப் போய்ச் சேருகிறது. அது அடைத்துக்கொண்டால், நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும் பேக்வாஷ். ஒவ்வொரு பேக்வாஷிலும் குளத்து நீர் வெளியே ஓடிவிடுகிறது. ரோபோவோ அடியில் நீரை உறிஞ்சி, தனக்குள் இருக்கும் வடிகட்டியிலேயே அழுக்கைப் பிடித்துக்கொண்டு, நீரைக் குளத்துக்கே திருப்பிவிடுகிறது. டேங்கர் லாரியை நம்பிக் கோடையைக் கடக்கும் சென்னைப் புறநகர்க் குடியிருப்புகளுக்கு ரோபோ வாங்க இதுவே பெரிய காரணம் என்பேன். இந்த லாபம் மலிவானதிலும் உண்டு.

பிறகு கூடுதல் பணம் எதற்கு? மலிவானவற்றில் பல பேட்டரியில் ஓடுபவை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். பெரும்பாலும் தரையை மட்டும் தேய்க்கும். சுவரில் முட்டினால் வேறு பக்கம் திரும்பும். ஒரே இடத்தில் பலமுறை போய்வரும், ஏதோ ஒரு மூலையை விட்டுவிடும். விலை கூடியவற்றில் திசை அறியும் கைரோஸ்கோப் உண்டு. வரிசை பிடித்து ஓடும், சுவர் ஏறும், நீர்மட்டக் கோட்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்க்கும். ஒயர் உள்ளவை இரண்டு, மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடும். ஒயர் முறுக்கிக்கொள்ளாதபடி சுழலும் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் பார்ப்பது வடிகட்டியை. இலை தழையை எந்த ரோபோவும் அள்ளும். சுற்றிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களில் குளத்தடியில் படிவது புழுதி. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதைவிடவும் நுண்ணிய அந்தப் புழுதி 180 மைக்ரான் கண்ணுள்ள வலையில் நிற்காது. உறிஞ்சிய வேகத்திலேயே வெளியே வந்து குளத்தைக் கலக்கிவிடும். விளம்பரத்தில் செல்போன் செயலியைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் மைக்ரான் எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்தது பிரஷ். நம் குளங்களில் பெரும்பாலும் மொசைக், செராமிக் டைல்ஸ்தான். வழவழப்பான டைல்ஸில் சாதாரண ரப்பர் பிரஷ் வழுக்கும். சுவர் ஏறும் என்று எழுதிய ரோபோவும் பாதியில் சறுக்கி இறங்கும். அதற்கென்றே ஸ்பாஞ்ச் போன்ற பிரஷ் தனியாக வருகிறது. குழந்தைகள் குளத்தின் ஆழத்தையும் அளந்து விற்பவரிடம் சொல்லுங்கள். நீர் போதாத இடத்தில் ரோபோ காற்றை உறிஞ்சி நின்றுவிடும். படிக்கட்டுகளைப் பல ரோபோக்கள் தொடுவதேயில்லை.

தனி வீட்டில் சின்னக் குளம், சமமான தரை, நாலைந்து பேர்தான் இறங்குவார்கள் என்றால் மலிவானதே போதும். சுவரை வாரம் ஒருமுறை கையால் தேய்த்துவிடலாம். நூறு வீட்டுப் பிள்ளைகள் தினமும் குதிக்கும் குளத்துக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலை உயர்ந்ததிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு உபயோகத்துக்கான மாடலைப் பொதுக் குளத்தில் ஓட்டினால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். குடியிருப்புக் குளத்துக்கும் வாரண்டி பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். உதிரிபாகத்தையும் யோசியுங்கள். டால்பின் ரோபோக்களைச் செய்யும் மேட்ரானிக்ஸ் 1983-ல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட நிறுவனம். பேட்டரி ரோபோக்களில் பல சீனாவிலிருந்து வருகின்றன. பெல்ட்டும் பிரஷும் பேட்டரியும் சென்னையிலோ கோவையிலோ கிடைக்காது என்றால், லட்ச ரூபாய் ரோபோ ஒரு பெல்ட்டுக்காக மாதக்கணக்கில் ஸ்டோர் ரூமில் கிடக்கும். உதிரிபாகம் கிடைக்கும் நடுத்தர விலை மாடல் அதைவிட எவ்வளவோ மேல்.

ரோபோ வந்துவிட்டால் பூல் பராமரிப்பவர் எதற்கு என்று சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். தயவுசெய்து அதற்குத் தலையாட்டாதீர்கள். ரோபோ கிருமியைக் கொல்லாது. பிஎச் அளவு 7.2-லிருந்து 7.8-க்குள், குளோரின் 1-லிருந்து 3 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பவர் அவர்தான். பத்துக் கிலோ எடையை நீரிலிருந்து தூக்கி, வடிகட்டியைக் கழுவி, நிழலில் வைப்பவரும் அவரே. ரோபோ ஓடும்போது யாரையும் நீரில் இறங்க விடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஒயர் உள்ள ரோபோவின் மின்பெட்டியைக் கரையிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி உள்ள இணைப்பில் மாட்ட அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். மிச்சமாகும் நேரம் அவருக்கு ஓய்வாக இருக்கட்டுமே.

பணம் கட்டும் முன் உங்கள் குளத்திலேயே ஒருமுறை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். முந்தைய நாள் வேக்குவம் போட வேண்டாம். ஓடி முடிந்ததும் வடிகட்டியைத் திறந்து, பூல் பராமரிப்பவரையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், எத்தனை வருடமாக ஓடுகிறது, எந்தப் பாகம் முதலில் தேய்ந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்