கடிக்கிற கிளியை யாருக்குக் கொடுப்பது?

சுல்தான் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு வயது இரண்டு. அதற்குள் இரண்டு வீடுகளைப் பார்த்து முடித்திருந்தது. எங்களுடையது மூன்றாவது. வாப்பாவின் நண்பர் ஒருவர், "நல்ல பழக்கமான கிளி, புள்ளைகளோட விளையாடும்" என்று சொல்லிக் கூட்டோடு கொண்டுவந்து இறக்கினார். காசு கூட வாங்கவில்லை. இவ்வளவு பெரிய கூட்டையும் ஒரு நீலக் கிளியையும் ஒருவர் சும்மா தருகிறார் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் காலை தம்பியின் சுட்டுவிரலில் இரத்தம்.

அந்த நண்பரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கழுத்தில் வளையமுள்ள நம் பச்சைக் கிளியின் நீல நிற வகைதான் சுல்தான். நன்றாகப் பராமரித்தால் இந்த இனம் 25, 30 வருடங்கள் வாழும். வாங்கியவர்களின் ஆசையோ பல வீடுகளில் ஒரு பெருநாளில் இருந்து அடுத்த பெருநாள் வரைதான். மிச்ச வருடங்களைக் கிளி எங்கே கழிக்கும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்த்த கிளியை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது தவறல்ல. அது ஏன் கத்துகிறது, ஏன் கடிக்கிறது என்று ஒரு முறையேனும் முயன்று பார்க்காமல் கொடுப்பது தவறு. தெரிந்ததை மறைத்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு.

"கூட்டைத் திறந்துவிட்டால் பறந்து போய்விடும், பாவம் வாயில்லாப் பிராணி" என்று உம்மும்மா சொன்னார். கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டுக்குள் பொரித்து, கிண்ணத்தில் தின்று வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, பருந்தைக் கண்டு ஒளியவும் தெரியாது. பச்சை இலைகளுக்கு நடுவே அந்த நீல நிறம் வேறு.

எங்களுக்கு ஒரு கெடு வந்தது. ராத்தா பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார். உம்மா என்னைக் கூப்பிட்டு, "மகள், மூணு மாசம் தாறேன். அதுக்குள்ள இது அடங்கணும், இல்லாட்டிப் போகணும்" என்றார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்படியொரு பரீட்சை.

முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். நோய் இருந்தாலும் பறவையின் குணம் மாறும் என்பதால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நோய் எதுவும் இல்லை. "எத்தனை மணிக்குத் தூங்குது?" என்று வைத்தியர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிளிக்கு 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டுமாம். எங்கள் கூடு ஹோலில், ரீவிக்குப் பக்கத்தில் இருந்தது. நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து வெளிச்சம் அணைய நள்ளிரவாகும். சஹருக்கு மறுபடி வெளிச்சம். அந்த மாதம் முழுக்க அது கத்தித் தீர்த்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. கூட்டைப் பின்னறைக்கு மாற்றி, மாலை ஏழு மணிக்குத் துணியால் மூடத் தொடங்கினோம். அந்த ஒரு மாற்றத்திலேயே கொஞ்சம் நிம்மதி கிடைத்தது.

அதன் பிறகு கிளிக்கர். பெயர்தான் பெரிது. அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடும் ஒரு சிறு பொருள். என்னிடம் அது இல்லை. அழுத்தித் திறக்கும் பேனை ஒன்றை எடுத்துக்கொண்டேன். இந்த முறை புதிதல்ல. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் பயின்ற கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் என்ற தம்பதி 1940களிலேயே இப்படிச் சத்தத்தைக் கொண்டு விலங்குகளைப் பழக்கினார்கள். 1960களில் ஹவாயில் டொல்பின்களைப் பழக்கிய கரன் பிரையர் விசிலைப் பயன்படுத்தினார். பின்னர் 1984இல் அவர் எழுதிய நூல் இதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. டொல்பினை அடித்துப் பழக்க முடியாது. கோபித்தால் அது நீந்திப் போய்விடும். கிளியும் அப்படித்தான். அடித்தால் அது திருந்தாது. நம் கையைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும்.

செய்வது இவ்வளவுதான். பேனையை அழுத்த வேண்டும், உடனே ஒரு சூரியகாந்தி விதை கொடுக்க வேண்டும். இருபது தடவை இப்படிச் செய்ததும் சத்தம் கேட்டவுடன் சுல்தான் என் கையைப் பார்க்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சத்தத்துக்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது: 'நீ இப்போது செய்தாயே, அதுதான் சரி.' நேரே விதையைக் கொடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நாம் விதையை எடுத்து நீட்டுவதற்குள் கிளி வேறு ஏதாவது செய்துவிடும். எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. சத்தமோ அந்தக் கணத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும். இதற்காகக் கிளியைப் பட்டினி போட வேண்டும் என்று என் தோழி ஒருத்தி நினைத்திருந்தாள். அப்படிச் செய்யவே கூடாது. வழமையான தீனி வழமைபோலக் கிடைக்கும். சூரியகாந்தி விதையை மட்டும் கிண்ணத்தில் இருந்து எடுத்துப் பாட நேரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

பிறகு ஓர் ஐஸ்கிரீம் குச்சி. கூட்டுக் கம்பிகளுக்கு வெளியே நின்றே நீட்டினேன். என் விரல் எனக்கு வேண்டுமே. குச்சியின் நுனியை அலகால் தொட்டால் டிக், விதை. பத்து நாளில் குச்சி போகும் பக்கமெல்லாம் கூட்டுக்குள் நடந்து வந்தது. கையில் ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதலில் கையைப் பார்த்ததற்கு டிக், பிறகு ஓரடி வந்ததற்கு, பிறகு ஒரு காலைத் தூக்கி வைத்ததற்கு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. "படிக்கிற புள்ள பேனையால கிளிக்குப் பாடம் எடுக்குது" என்று உம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிச் சிரித்தார்.

கத்துவதுதான் எனக்கு வெட்கத்தைத் தந்த பாடம். சுல்தான் கத்தினால் என்ன நடக்கும்? குசினியில் இருந்து உம்மா "வாயை மூடு!" என்று சத்தம் போடுவார். தம்பி ஓடி வருவான். நான் துணியோடு வருவேன். கூட்டமாக வாழப் பிறந்து தனியாக அடைபட்ட பறவைக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்? அதற்குக் கத்தக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். கத்தும்போது யாரும் போகக்கூடாது, மெதுவாக விசிலடித்தால் உடனே டிக், உடனே போக வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். முதல் வாரம் சத்தம் கூடியது. பழைய வழி பலிக்கவில்லை என்றால் இன்னும் பலமாகக் கத்திப் பார்க்கும். அநேகர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் நீளமாகக் கத்தினால் கிடைக்கும் என்பதைத்தான் கிளி படித்துக்கொள்ளும்.

கடிப்பதும் திடீரென்று நடப்பதில்லை. கண்மணி சுருங்கும், இறகுகள் உடம்போடு ஒட்டும், உடல் பின்னால் சாயும். அது மூன்று தடவை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும். நாம் கேட்காததால்தான் நான்காவதாகக் கடிக்கிறது.

இடையில் ஒரு செய்தி. இந்த இனத்தில் ஆணுக்கு மூன்று வயதுக்குள் கழுத்து வளையம் வந்துவிடும். எங்கள் சுல்தானுக்கு வரவே இல்லை. இந்தக் கிளிகளில் பெண்தான் ஆணை அடக்கி வைக்குமாம். பெயரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல, வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதக் கெடு முடிந்தபோது சுல்தான் காலையிலும் மஃரிபுக்குச் சற்று முன்னும் மட்டுமே கத்தியது. அதை எந்தக் கிளியிடமும் நிறுத்த முடியாது. என்னைக் கடிப்பதில்லை. ஆனால் தம்பியைக் கடித்தது. மேலிருந்து கை வந்தால் வாப்பாவையும் கடித்தது. பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது போதாது என்று உம்மா சொன்னார். நான் அழுதேன், இரண்டு நாள் உம்மாவோடு சரியாகப் பேசவில்லை. இப்போது யோசிக்கும்போது உம்மா சொன்னது சரியென்றே படுகிறது. 'அவ்வளவு பாடுபட்டும் கொடுத்துவிட்டாயே' என்று கேட்கும் தோழிகளுக்கு என் பதில், அந்தப் பாடு இல்லாவிட்டால் கொடுக்கும்போது உண்மை சொல்லவும் எனக்குத் தெரிந்திருக்காது என்பதுதான்.

வாப்பாவுக்குப் புடவைக் கடை. துணியில் நூல் பிசகியிருந்தால் அதை விரித்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். அதே போல் கொப்பித் தாளில் ஒரு பக்கம் எழுதினேன். மேலிருந்து கை கொண்டு போனால் கடிக்கும். சிறு பிள்ளைகளைப் பிடிக்காது. மாலையில் பத்து நிமிடம் கத்தும். ஏழு மணிக்கு இருட்டு வேண்டும். கொய்யா என்றால் உயிர், அவகாடோ நஞ்சு. தும்புத்தடியைக் கண்டால் நடுங்கும்; ஏனென்று எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு முந்திய வீடுகளில் கேட்க வேண்டும்.

முதலில் வந்தவர் தாளை வாசித்துவிட்டு எழுந்து போனார். "நல்லது, இல்லாட்டி ரெண்டு மாசத்துல இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார் வாப்பா. இரண்டாமவர் குஞ்சு பொரிக்க வைக்கத்தான் கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் மாத்தளையில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் நாள் கிளியைத் தொடவே இல்லை, ஒரு மணி நேரம் கூட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அடுத்த வாரம் திரும்பி வந்தார். அவர் கையில் சுல்தான் ஏறியபோது பேனையை அழுத்தியவள் நான்தான். கூட்டோடு பேனையையும் கொடுத்தேன்.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். கிளி கேட்டு அழுவது பிள்ளை, வளர்ப்பது அநேகமாக உம்மா. கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் போகும், கல்யாணமாகிப் போகும். கிளி உங்களோடுதான் இருக்கும். அதற்குச் சம்மதமென்றால் வாங்குங்கள். ஏற்கனவே ஒன்று இருந்து, அது கடிக்கிறதென்றால், கொடுப்பதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு பேனையும் மூன்று மாதமும் கொடுத்துப் பாருங்கள்.

ராத்தாவின் மகனுக்கு இப்போது நான்கு மாதம். இரவில் அவன் போடும் சத்தத்துக்குச் சுல்தான் எவ்வளவோ மேல். போன வாரம் மாத்தளையில் இருந்து ஆசிரியை தொலைபேசி எடுத்தார். சுல்தான் நலம், தும்புத்தடியை அலுமாரிக்குள் வைத்துவிட்டாராம். அந்தப் பேனையால் சாமான் பட்டியல் எழுதி எழுதி மை முடிந்துவிட்டது, இனிப் பாடத்துக்கு உதவுமா என்று கேட்டார். சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார்.