கடிகாரக்காரர் கல்லைத் திருடலை, சாமி!

"ரிப்பேருக்குக் குடுத்தேன். உள்ளே இருந்த கல்லை உருவிட்டு வெறும் வாட்ச்சைத் திருப்பிக் குடுத்துட்டான்."

இந்த வசனத்தைக் கேக்காத தமிழ்க் காது உண்டா? அப்பாவோட எச்.எம்.டி. பத்தி யாராவது உருகி உருகிப் பதிவு போட்டா, நாலாவது பத்தியில இந்தக் கல் திருடன் கண்டிப்பா வந்துருவான். கீழ பின்னூட்டத்துல பத்து பேர் "ஆமாங்க, எங்க மாமா வாட்ச்சுலயும் இதே கதைதான்"னு கும்மி அடிப்பாங்க. எங்க தூத்துக்குடியில கேக்கவே வேண்டாம். முத்துக்குப் பேர் போன ஊரு. கல்லுன்னு சொன்னாலே விலை கேக்குற வாயி.

பொறுத்துப் பொறுத்துப் பாத்தாச்சு. இன்னைக்கு இதைப் பேசித் தீத்துருவோம். கல் திருட்டுங்கிறது பொய். வாட்ச் எப்படி ஓடுதுன்னு அஞ்சு நிமிஷம் கேட்டிருந்தாலே வாயில வராத பொய். இதுல அடிபடுறவர் யாருன்னா, மாடிப்படிக்குக் கீழ ஒரு கண்ணாடிப் பெட்டியை வச்சிக்கிட்டு, ஒரு கண்ணுல லென்ஸை மாட்டிக் குனிஞ்சே உக்காந்திருக்கிற அண்ணாச்சி.

முதல்ல அந்தக் கல் உள்ளே என்ன பண்ணுதுன்னு பாப்போம். அது அழகுக்கு வச்சது இல்ல. வாட்ச்சுக்குள்ள சுத்துற ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு அச்சு. அச்சோட ரெண்டு முனையும் ரெண்டு குழியில உக்காந்து சுத்தணும். பித்தளையிலேயே குழி போட்டா, இரும்பு முனை உரசி உரசிக் குழி பெருசாகும், எண்ணெய் வழியும், அச்சு சாயும். அதனால அந்த இடத்துல துளை போட்ட ஒரு சின்னச் சிவப்புக் கல்லைப் பதிக்கிறாங்க. வழவழப்பு, தேயாது, ஒரு பக்கம் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும். அந்தக் கிண்ணம் ஒரு பொட்டு எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கும். ஜனதா மாதிரி வாட்ச்சுல பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை அடிக்குது. நாளைக்கு 4,32,000 அடி. இத்தனை அடியும் தாங்குற அச்சு முனை தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமன். கல் இல்லாம இந்த வேலை நடக்காது.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம், ஏன்னா சண்டையே அங்கதான். டயல்ல "17 ஜூவல்ஸ்"னு போட்டிருக்கும். நம்ம ஆளு பின்மூடியைத் திறந்து பாப்பான். ஆறோ ஏழோ சிவப்புப் புள்ளிதான் தெரியும். "பத்தைக் காணோம்! அமுக்கிட்டான்!" ஐயா, மீதி பூராவும் டயலுக்கு அடியில இருக்கு. அச்சுக்கு ரெண்டு முனைன்னு இப்பதானே சொன்னேன்? மேல் முனையைத் தாங்குற கல்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனா வழக்கமான கணக்கு இதுதான். சென்டர் வீல், மூணாவது வீல், நாலாவது வீல், எஸ்கேப் வீல், பாலட் ஃபோர்க்னு அஞ்சு அச்சுக்கும் ரெண்டு ரெண்டு. ஆக பத்து. பேலன்ஸ் வீலுக்கு மட்டும் துளைக் கல் ரெண்டு, அதுக்கு மேல மூடி மாதிரி தட்டைக் கல் ரெண்டு. பதினாலு. எஸ்கேப் வீலோட பல்லைத் தடுத்துத் தடுத்து விடுற பாலட் கல் ரெண்டு. அந்த ஃபோர்க்கைத் தட்டுற ஊசிக் கல் ஒண்ணு. கூட்டிக்கோங்க, பதினேழு.

இதுல எதைத் திருடுவீங்க? துளைக் கல்லை உருவினா அச்சு ஆடி சக்கரம் சாயும். பாலட் கல்லை எடுத்தா எஸ்கேப் வீலைத் தடுக்க ஆளில்லாம மெயின் ஸ்பிரிங் சர்ருனு அவுந்துரும். ஊசிக் கல்லை எடுத்தா பேலன்ஸுக்குத் தள்ளு கிடைக்காம வாட்ச் நின்னுரும். "கல்லை எடுத்துட்டான், ஆனா வாட்ச் ஆறு மாசம் ஓடிச்சு"ன்னு சொல்றீங்களே, கல்லை எடுத்த வாட்ச் கடைவாசல் வரைக்கும்கூட ஓடாது. கல்லுக்குப் பதில் பித்தளைப் புஷ் அடிச்சிருப்பான்னு ஒரு மேதாவி வாதம் உண்டு. அடிக்கலாம். மயிரிழைக்குத் துளை போட்டு, மையம் பிசகாம உக்கார வைக்க ஒரு பகல் பூரா ஆகும். அந்த உழைப்புக்கு அவருக்கு லாபமா மிஞ்சுறது, ஒரு கடுகளவு சிவப்புக் கண்ணாடித் துணுக்கு மாதிரி ஒண்ணு.

அதோட விலைதான் அடுத்த தமாஷ். 1902-ல அகஸ்ட் வெர்னோயிங்கிற பிரெஞ்சு வேதியியல்காரர் செயற்கை மாணிக்கம் செய்யிற முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடு பொடி, அதுல துளி குரோமியம், அடியில ஹைட்ரஜன்-ஆக்சிஜன் ஜுவாலை. உருகி உருகிக் கல்லு மொட்டு மாதிரி வளரும். அதுக்கப்புறம் வாட்ச் கல் அத்தனையும் இந்த வழிக்கு வந்துருச்சு. நம்ம மேட்டுப்பாளையத்துலயே இந்தோ-ஸ்விஸ்னு பேர் வச்ச ஒரு கம்பெனி இந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிச்சது. உங்க வாட்ச் எச்.எம்.டி.யா இருந்தா, அந்தத் தொழிற்சாலையே 1961-லதான் சிட்டிசன் கூட்டுல பெங்களூர்ல ஆரம்பிச்சது. அதுல இயற்கை மாணிக்கத்துக்கு வாய்ப்பே இல்ல. நம்பிக்கை இல்லேன்னா பழைய வாட்ச்சுலேர்ந்து நூறு கல்லைக் கழட்டி எடுத்துக்கிட்டு எந்த நகைக்கடைக்கும் போங்க. டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க, கல்லை வாங்க மாட்டாங்க :-)

கல்லை வச்சு ஏமாத்தினது நடக்கவே இல்லையான்னா, நடந்திருக்கு. ஆனா செஞ்சது ரிப்பேர்காரர் இல்ல. கல்லுல துளை போட்டு வாட்ச்சுல வைக்கிற வித்தைக்கு 1704-ல லண்டன்ல காப்புரிமை வாங்கினாங்க, நிக்கோலா ஃபாசியோங்கிற சுவிஸ் கணித அறிஞரும் டிபோஃப்ரே சகோதரர்களும். அதை நீட்டிக்கச் சொல்லி பாராளுமன்றத்துக்குப் போனப்ப, லண்டன் கடிகாரக்காரர் சங்கம் குறுக்க விழுந்துச்சு. "இது ஒண்ணும் புதுசில்ல, பாருங்க"ன்னு ஹக்ஃபோர்டுங்கிறவர் செஞ்ச ஒரு பழைய வாட்ச்சைக் காட்டினாங்க. உள்ளே பளிச்சுனு ஒரு கல். மனு போச்சு. ரொம்பக் காலம் கழிச்சு அந்த வாட்ச்சைக் கழட்டிப் பாத்தா, அந்தக் கல் எந்த அச்சையும் தாங்கல. சும்மா ஒட்டி வச்ச அலங்காரம்!

பெரிய கம்பெனிக்காரங்க அதுக்கும் மேல போனாங்க. ஜனங்களுக்குக் கல் எண்ணிக்கைல மயக்கம்னு தெரிஞ்சதும், வேலையே இல்லாத இடத்துல எல்லாம் கல்லைச் சொருகினாங்க. 1960-கள்ல 100 கல் வாட்ச் வந்துச்சு, ஜப்பான் ஓரியன்ட் கிராண்ட் ப்ரி. கடைசியில ஐ.எஸ்.ஓ. 1112-னு ஒரு தரவிதியே வந்தது, எது வேலை செய்யுற கல், எது சும்மா இருக்கிற கல்லுன்னு பிரிக்க. அந்த விளம்பரத்துக்கு மயங்கினவங்க யாரும் கம்பெனிக்காரனைத் திருடன்னு சொல்லலை. திருடன் பட்டம் படிக்கட்டுக்குக் கீழ உக்காந்திருக்கிறவருக்கு.

எங்க ஊர்ல இந்தச் சந்தேகம் வேர் விட்டதுக்கு எனக்கு ஒரு அனுமானம் உண்டு. முத்துக்குளிப்புல சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விடுவாங்க. அப்புறம் அதை அழுக விட்டுக் கழுவுற கூலியாள் மேல முதலாளிக்கு எப்பவும் ஒரு கண்ணு. வாயில போட்டுக்குவான், நகக்கண்ணுல மறைப்பான்னு. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சு போச்சு, அந்தக் கண்ணு மட்டும் முடியலை. இத்தனைக்கும் முத்து வாட்ச்சுக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது. மாணிக்கம் கடினத்துல 9, முத்து 4-ஐத் தொட்டாலே பெருசு. எலுமிச்சைச் சாறு பட்டாலே அரிச்சுப் போற சுண்ணாம்புச் சரக்கு அது.

அப்ப சர்வீஸ் முடிஞ்சு வாட்ச் ஏன் நிக்குது? ஐயா, நீங்க எங்க குடியிருக்கீங்க? ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் உப்பளம், நடுவுல உங்க வேர்வை. சாவி குடுக்கிற திருகு வழியாத்தான் உப்புக் காத்து உள்ளே போகும். முதல்ல துரு பிடிக்கிறது அந்தத் தண்டுதான். துரு உதிர்ந்து எண்ணெயில கலந்தா அது எண்ணெய் இல்ல, சாணை பிடிக்கிற பசை. இருபது வருஷம் அப்படியே ஓடவிட்டு அச்சு முனையைத் தேய்ச்சுட்டு, கடைசியில குடுக்கிற நூறு ரூபாய்க்குப் புதுசா மாறணும்னா எப்படி? அதுவரைக்கும் இறுகிக் கிடந்த அழுக்குதான் ஆட்டத்தை மறைச்சு வச்சிருக்கும். கழுவினதும் பல்லிளிக்கும்.

"பார்ட்டை மாத்திட்டான்"னு இன்னொரு புகார். மாத்தித்தான் ஆகணும். எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில ஒப்புதல் குடுத்தாச்சு. பழைய மாடலுக்குப் புது பேலன்ஸ் ஸ்டாஃப் குதிரைக்கொம்பு. செத்த வாட்ச் பத்தை வாங்கி டப்பாவுல போட்டு வச்சு, அதுல ஒண்ணை எடுத்து இதுக்குப் போட்டுத்தான் உங்க அப்பா வாட்ச்சை அவர் ஓட வைக்கிறார்.

எல்லா ரிப்பேர்காரரும் உத்தமர்னு நான் சொல்லலை. பிரிக்காமலேயே முழு மெஷினையும் பெட்ரோல்ல முக்கி எடுத்து "சர்வீஸ்"னு காசு வாங்குறவங்க உண்டு. எண்ணெயைப் பொட்டா வைக்காம ஊத்துறவங்க உண்டு. பழைய டயலுக்குப் பெயின்ட் அடிச்சு, கண்ட கண்ட முள்ளைப் போட்டு, "ஒரிஜினல் ஜனதா, மின்ட் கண்டிஷன்"னு இணையத்துல விக்கிற கும்பல் இருக்கு. அதை வாங்கி மாட்டிக்கிட்டு போட்டோ போடுறதும் நம்ம ஆளுங்கதான். அங்கே யாருக்கும் கோபமே வரமாட்டேங்குது. கோபம் வரவேண்டிய இடமே அதுதான்.

அடுத்த தடவை சர்வீஸுக்குக் குடுக்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. எந்த அண்ணாச்சியும் மாட்டேன்னு சொன்னதில்ல. லென்ஸைக் கழட்டி உங்க கையிலேயே குடுப்பார். தெரியிற கல்லை எண்ணி ஒரு சீட்டுல எழுதிக்கோங்க, திருப்பி வாங்கும்போதும் எண்ணுங்க. அப்படியே எத்தனை வருஷமா எண்ணெய் போடலைன்னும் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிருங்க.