நிறுவும் முன் விரித்துப் பார்த்தல்

குபர்நெட்டீஸ் கற்க வரும் மாணவருக்குப் பொதுவாக முதலில் கற்றுத்தரப்படும் ஹெல்ம் கட்டளை 'இன்ஸ்டால்'. அக்கட்டளை என்ன செய்தது என்று கேட்டால், "ஜூப்பிட்டர்ஹப் நிறுவப்பட்டது" என்று விடை வரும். எத்தனை பொருள்கள் உருவாயின, எந்தப் படிமம் எந்தக் களஞ்சியத்திலிருந்து இறங்கியது, எந்த வாயில் வெளியுலகுக்குத் திறந்தது என்று அடுத்துக் கேட்டால் விடை இராது. இது மாணவரின் குறையன்று. பாடம் அடுக்கப்பட்ட வரிசையின் குறை. 'ஹெல்ம் டெம்ப்ளேட்' முதல் வகுப்பிலும் 'ஹெல்ம் இன்ஸ்டால்' மூன்றாம் வகுப்பிலும் வருவதே முறை.

ஹெல்மின் சார்ட் எனப்படும் பொதிக்குள் யாம்ல் வடிவிலான வார்ப்புருக்கள் இருக்கின்றன. அவற்றில் நிரப்பப்பட வேண்டிய இடங்கள் உண்டு. நிரப்பும் மதிப்புகள் 'வேல்யூஸ்' கோப்பிலிருந்து வருகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து முழு மேனிஃபெஸ்டாக விரிப்பது ஒரு வேலை. விரிந்ததைக் கிளஸ்டருக்கு அனுப்புவது வேறொரு வேலை. 'இன்ஸ்டால்' இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது; 'டெம்ப்ளேட்' முதல் வேலையை மட்டும் செய்து, விளைவைத் திரையில் எழுதிவிட்டு நிற்கிறது. ஹெல்மின் இரண்டாம் பதிப்புக் காலத்தில் விரிக்கும் வேலையைக் கிளஸ்டருக்குள் குடியிருந்த டில்லர் என்னும் நிரல் செய்துவந்தது. 2019 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு டில்லரை நீக்கிவிட்டது. அன்று முதல் விரித்தல் பயனரின் கணினியிலேயே நடக்கிறது. பாடத்திட்டங்கள்தாம் அந்த மாற்றத்தை இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. ஹெல்மின் அதிகாரபூர்வத் தொடக்கக் கையேடும் முதல் தேவையாக ஒரு குபர்நெட்டீஸ் கிளஸ்டரையே கேட்கிறது என்பதால், பழியை ஆசிரியர்மீது மட்டும் சுமத்துவதும் நியாயமன்று.

இந்தியக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அந்த முதல் தேவையே பலருக்கு முதல் தடையாகிவிடுகிறது. சொந்தக் கணினியில் சிறு கிளஸ்டர் அமைக்க உதவும் மினிகியூப்கூட 2 மையச் செயலகங்கள், 2 ஜிபி வெற்று நினைவகம், 20 ஜிபி வெற்று வட்டிடம் ஆகியவற்றைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. 4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் இயக்க முறைமையும் உலாவியும் எடுத்துக்கொண்டதுபோக 2 ஜிபி மிஞ்சுவது அரிது. மிஞ்சினாலும் அதன்மேல் வேறெதையும் ஓட்ட இயலாது. ஹெல்மோ ஒற்றை இயங்குகோப்பு. சார்ட்டை ஒருமுறை இறக்கிப் பிரித்து வைத்துக்கொண்டால், அதன்பின் இணைய இணைப்புமின்றிக் கிளஸ்டருமின்றி எத்தனை முறை வேண்டுமானாலும் விரித்துப் பார்க்கலாம். பெருநகர ஆய்வு நிறுவன மாணவரும் மாவட்டத் தலைநகர்க் கல்லூரி மாணவரும் ஒரே பயிற்சியைச் சமமாகச் செய்யக்கூடிய இடம் இத்துறையில் மிகச் சில. அவற்றுள் ஒன்றைப் பாடத்திட்டம் கைவிட்டிருக்கிறது.

விரித்துப் பார்ப்பதால் என்ன தெரியும் என்பதற்கு ஆய்வாளர்களை நேரடியாகத் தொடும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சமவாய்ப்பு எண்களுக்கான விதை எண்ணாக நாளின் தேதியையே இடுவது பலரின் வழக்கம். ஒருவர் வேல்யூஸ் கோப்பில் 20240115 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதுகிறார். ஹெல்மின் பல பதிப்புகளில் அக்கோப்பின் எண்கள் மிதவைப் புள்ளி எண்களாகவே படிக்கப்படுகின்றன. ஏழு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண், வார்ப்புருவில் அச்சாகும்போது அறிவியல் குறியீட்டுக்கு மாறிவிடுகிறது. விரித்த உரையில் சூழல் மாறியின் மதிப்பு 2.0240115e+07 என்று நிற்கும். வார்ப்புருவில் மேற்கோள்குறி இடும் சார்பு இருந்தாலும் பயனில்லை. அது மாறிய வடிவத்துக்கே மேற்கோள் இடும். அதைப் பெறும் நிரல் பைத்தானில் இருந்து, நேராக முழு எண்ணாக்க முயன்றால், பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லூழ். சி மொழியில் எழுத்துத்தொடரை முழு எண்ணாக்கும் பழைய சார்பு புள்ளியைக் கண்டதும் படிப்பதை நிறுத்திக்கொள்ளும், கிடைப்பது 2. சோதனை ஓடும், முடிவுகள் வரும், அட்டவணை நிரம்பும். கட்டுரையில் அச்சாகும் விதை எண் ஒன்றாகவும் உண்மையில் இயங்கியது வேறாகவும் இருக்கும். வேல்யூஸ் கோப்பை ஆயிரம் முறை படித்தாலும் இப்பிழை கண்ணில் படாது, ஏனெனில் அங்கே எல்லாம் சரியாகவே இருக்கிறது. விரித்த உரையிலோ ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

விரித்த உரை பல நூறு வரிகள், சில வேளைகளில் ஆயிரக்கணக்கான வரிகள் நீளுமே, யார் படிப்பது என்னும் ஆட்சேபம் வழக்கமாக எழும். முழுவதையும் படிக்கச் சொல்வார் எவருமில்லை. 'ஷோ ஒன்லி' என்னும் தெரிவு ஒரே ஒரு வார்ப்புருவின் விளைவை மட்டும் தரும். ஜூப்பிட்டர்ஹப் சார்ட்டில் ப்ராக்ஸிக்குரிய சேவையை மட்டும் இவ்வாறு எடுத்துப் பார்த்தால், வெளியுலகுக்கான சேவையின் தொடக்கநிலை வகை 'லோட்பேலன்சர்' என்பது தெரியும். மேகத் தளத்தில் அதற்குப் பொது முகவரி கிடைத்துவிடக்கூடும். தேர்வுத்தாள் வைத்திருக்கும் ஒரு துறை அதை நிறுவும் முன் அறிந்திருக்க வேண்டாமா? மேலும், பெரிய உரையைப் படிப்பதைவிட இரண்டு உரைகளின் வேறுபாட்டைப் படிப்பது எளிது. மதிப்பு ஒன்றை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் விரித்து, வேறுபாட்டை எடுத்தால் பெரும்பாலும் நாலைந்து வரிகளே வரும். அதற்கு மேல் வந்தால், மாற்றியவர் எண்ணியதைவிட அதிகம் மாறியிருக்கிறது என்று பொருள்.

இக்கட்டளையை அளவுக்கு மீறிப் புகழ்வதும் தவறாகும். அதே ஜூப்பிட்டர்ஹப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் உருவாகும் பாட் விரித்த உரையில் இராது. மாணவர் உள்நுழையும்போது ஹப் அதை உருவாக்குகிறது. ஆளுக்கு 10 ஜிபி சேமிப்பு என்பது அச்சார்ட்டின் தொடக்கநிலை. 60 பேர் உள்ள வகுப்புக்கு அது 600 ஜிபி. அந்தக் கணக்கு விரித்த உரையின் எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது. கிளஸ்டரில் ஏற்கெனவே உள்ளதைத் தேடும் 'லுக்கப்' சார்பு உள்ளூரில் வெறுமையையே தரும். அதனால் கடவுச்சொற்களைத் தானே உருவாக்கும் சார்ட்டுகள் ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் புதிய கடவுச்சொல்லை எழுதும். கிளஸ்டரின் பதிப்பை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் ஹெல்ம் தன் கணிப்பில் ஒரு பதிப்பை எடுத்துக்கொள்ளும். தனிப்பயன் வள வரையறைகள் கேட்டால்தான் சேர்க்கப்படும். இவை அனைத்தும் ஒரு வகுப்பில் சொல்லி முடிக்கத்தக்க எச்சரிக்கைகளே.

பாடத்துக்கு அப்பால், ஆய்வேட்டிலும் இவ்வுரைக்கு இடம் இருக்க வேண்டும். இன்று கவனமுள்ள ஆய்வாளர்கள்கூடப் பின்னிணைப்பில் வேல்யூஸ் கோப்பையும் சார்ட்டின் பெயரையும் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது சமையற்குறிப்பைத் தருவது போன்றது. பரிமாறப்பட்டது எது என்று அது சொல்லாது. 2025இல் பிட்னாமியின் பதிப்பு எண் தாங்கிய படிமங்கள் பழைய களஞ்சியத்திலிருந்து 'லெகசி' எனப் பெயரிட்ட வேறொரு களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த பழைய சார்ட்டுகள் இல்லாத முகவரிகளைத் தேட நேர்ந்தது. விரித்த உரையைச் சேமித்து வைத்திருந்தவருக்கு எந்தப் படிமம், எந்தப் பதிப்பு என்பது ஒரே தேடலில் கிடைக்கும். வேல்யூஸ் கோப்பு மட்டும் வைத்திருந்தவர், தாம் எழுதாமல் விட்ட தொடக்கநிலை மதிப்புகள் அன்று என்னவாக இருந்தன என்பதைப் பழைய சார்ட்டைத் தேடிப் பிடித்துத்தான் அறிய வேண்டும். ஒரே ஒரு கவனம்: விரித்த உரையில் 'சீக்ரெட்' பொருள்களும் அடங்கும். அவை பேஸ்64 வடிவில் இருப்பதால் மறைக்கப்பட்டுள்ளதாகத் தோன்றும். அது மறைகுறியாக்கமன்று, யாரும் நொடியில் திருப்பிப் படிக்கலாம். பின்னிணைப்பில் சேர்க்கும் முன் அப்பகுதியை நீக்கியே ஆக வேண்டும்.

செய்முறைத் தேர்வும் இதற்கேற்ப மாறலாம். இப்போது தேர்வாளர் கேட்பது ஓடுகிறதா இல்லையா என்பதை. வலைப்பின்னல் அன்று படுத்துவிட்டால் நன்கு கற்றவரும் தோற்கிறார், கட்டளையை மனப்பாடம் செய்தவர் தேறிவிடுகிறார். மாறாக, ஒரு சிறிய சார்ட்டையும் இரண்டு வேல்யூஸ் கோப்புகளையும் தாளில் கொடுத்து, விரித்தால் எந்த வரிகள் வேறுபடும் என்று முதலில் கையால் எழுதச் சொல்லலாம். பிறகு கணினியில் விரித்து, தாம் எழுதியதும் வந்ததும் எங்கே பிரிகின்றன, ஏன் என்று விளக்கச் சொல்லலாம். அதற்கு வேண்டியவை ஒரு சாதாரண மடிக்கணினியும் அரைமணி நேரமும்.