வலை வீச ஆளே இல்லாத கடல்... அங்கே எதற்குத் தடை?

ஒரு கடல். அங்கே இதுவரை யாரும் வியாபாரத்துக்காக மீன் பிடித்ததில்லை. மீன் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்பதும் சரியாகத் தெரியாது. ஆனாலும் உலகின் பெரிய நாடுகள் பல ஒன்றாக உட்கார்ந்து, ‘இப்போதைக்கு இங்கே யாரும் வலை வீச வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்த கதையாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

கையெழுத்தான இடம், கிரீன்லாந்தின் இலுலிசாட். கடலில் பனிப்பாறைகள் மிதந்து போகும் சின்ன ஊர். நாள், 2018 அக்டோபர் 3. ஆர்க்டிக் கரையோர நாடுகளான அமெரிக்கா, ரஷ்யா, கனடா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்தும் வந்திருந்தன. அவற்றோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐஸ்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம். ஆக மொத்தம் பத்துத் தரப்புகள். அவர்கள் பேசிய கடல், வடதுருவத்தைச் சுற்றியிருக்கும் மத்திய ஆர்க்டிக். எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் வராத 28 லட்சம் சதுர கிலோமீட்டர். மத்தியதரைக் கடலைவிடக் கொஞ்சம் பெரியது.

‘பனி மூடிய கடலில் யார் போய் மீன் பிடிக்கப் போகிறார்கள்?’ என்று கேட்பீர்கள். அந்தப் பனி உருகுவதுதான் பிரச்னையே. 1979 முதல் செயற்கைக்கோள்கள் ஆர்க்டிக் பனியைத் தொடர்ந்து அளந்துவருகின்றன. 2012 செப்டம்பரில் பனிப்பரப்பு 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. சில கோடைகளில் இந்த ஒப்பந்தப் பகுதியில் 40 சதவிகிதம்வரை பனி விலகித் திறந்த நீராகிவிடுகிறது. பூட்டியிருந்த வீட்டின் கதவு மெள்ளத் திறக்கிறது.

திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் இருப்பது பெரிங் கடல். கரையிலிருந்து 200 கடல் மைல்வரை மீன்வளம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். இரண்டு நாடுகளின் பங்கும் போக, நடுவில் மெதுவடை ஓட்டை மாதிரி ஒரு பகுதி யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சுகிறது. ‘டோனட் ஓட்டை’ என்றே அதற்குப் பெயர்! 1980-களில் ஜப்பான், தென்கொரியா, போலந்து, சீனா, சோவியத் யூனியன் கப்பல்கள் அங்கே குவிந்தன. குறி, பொல்லாக் மீன். வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அள்ளினார்கள். கடலில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. 1992-ல் வலையில் விழுந்தது சுமார் 10,000 டன்தான். பிறகு பதறியடித்து 1994-ல் ஒப்பந்தம் போட்டார்கள். முப்பது வருடங்கள் ஓடிவிட்டன. மீன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மீன்பிடிப்பும் மறுபடி தொடங்கவில்லை.

இலுலிசாட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் பலர், இந்த வடை ஓட்டையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

அதனால்தான் இந்த முறை வரிசையை மாற்றினார்கள். முதலில் ஆராய்ச்சி, அப்புறம் மீன். 2021 ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் காலம் 16 வருடங்கள். அதற்குள் பத்துத் தரப்பும் கூட்டாக ஆராய வேண்டும், கிடைத்த தகவல்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பனியோடு வாழும் இனுயிட் மக்களின் அனுபவ அறிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது தனி ஒரு நாட்டால் ஆகிற காரியமில்லை. 2019-ல் ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற ஜெர்மன் கப்பல், வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் தன்னை உறையவைத்துக்கொண்டது. பனி போகிற போக்கில் மிதந்தபடி கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆய்வு. ‘மொசைக்’ என்று பெயரிடப்பட்ட அந்தப் பயணத்தில் 20 நாடுகளின் விஞ்ஞானிகள் கலந்துகொண்டார்கள். சூரியனே உதிக்காத குளிர்காலத்தில் அவர்களுக்கு உணவும் மாற்று ஆட்களும் கொண்டுபோய்ச் சேர்த்தது, ஒரு ரஷ்யப் பனி உடைப்புக் கப்பல்.

அந்தப் பயணத்தில் ஒலியலைக் கருவிகளையும் கேமராவையும் ஆழத்தில் இறக்கி மீன்களைத் தேடினார்கள். கணவாய் கேமராவில் சிக்கியது. யாரும் எதிர்பாராத விதமாக அட்லாண்டிக் காட் மீன்கள் சில தூண்டிலில் மாட்டின. ஆனால் மொத்தத்தில் மீன் மிக மிகக் குறைவு. இருப்பதும் சீல்களுக்கு வேண்டிய உணவு. சீலை நம்பித்தான் பனிக்கரடி. பெரிய கப்பல்கள் போய் அள்ளினால், அங்கே மிச்சம் வைக்க ஒன்றும் இருக்காது.

இந்தப் பத்தில் இந்தியா இல்லை. ஆனால் ஆர்க்டிக் ஆய்வில் நமக்கும் பங்கு உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008 முதல் ‘ஹிமாத்ரி’ என்ற நம் ஆய்வு நிலையம் இயங்குகிறது. அதன் அருகிலுள்ள கடலில் 2014-ல் ‘இண்டார்க்’ என்ற கண்காணிப்புக் கருவித் தொகுப்பை நிறுத்தினார்கள். கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கும் அதை உருவாக்கியது, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பது அந்த ஆய்வில் முக்கியமான கேள்வி.

இப்போது கவலைக்கு வருவோம். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும், ரஷ்யாவோடு சேர்ந்து செய்த ஆர்க்டிக் ஆய்வுகள் பலவும் நின்றுபோயின. ஆர்க்டிக் பெருங்கடலின் கரையில் பாதிக்கும் மேல் ரஷ்யாவுடையது. அந்தப் பக்கத்துத் தகவல் வராவிட்டால், பாதி உடம்பை மட்டும் ஸ்கேன் எடுத்து வைத்தியம் பார்க்கிற கதைதான். ஆறுதல் என்னவென்றால், இந்த மீன் ஒப்பந்தத்தின் மேஜையை விட்டு மட்டும் யாரும் எழுந்து போகவில்லை. அதே 2022 நவம்பரில் தென்கொரியாவில் முதல் கூட்டம் நடந்தபோது, ரஷ்யாவும் அதில் இருந்தது.

16 வருடங்கள் 2037-ல் முடிகின்றன. யாரும் மறுக்காவிட்டால், ஒப்பந்தம் தானாகவே ஐந்து வருடங்களுக்கு நீளும். பத்தில் ஒருவர் ‘முடியாது’ என்றால் நீளாது. இன்று ஆரம்பப் பள்ளியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் அப்போது வளர்ந்து நிற்பார்கள். ‘அந்தக் கடலில் என்ன இருக்கிறது?’ என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்வதற்கு அதற்குள் யாராவது எண்ணி முடித்திருக்க வேண்டும்.