அந்தியில் ஒரு வகுப்பறை

திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ளது அடி அண்ணாமலை. முழுநிலா நாளில் இவ்வழியே நடப்போரின் கண்கள் மலையுச்சியையே நாடும். அதே அந்திப்பொழுதில் தலைக்குமேல் பறந்து செல்லும் வௌவால்களை நிமிர்ந்து பார்ப்போர் மிகச்சிலர். பார்ப்போரும் முகம் சுளிப்பதுண்டு. வௌவால் பாழிடத்தின் அடையாளம், நோயின் ஊற்று என்று கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். கேட்டு வளர்த்த அச்சத்தைக் கண்டறிந்த உண்மையே நீக்கும். எனவே, இயற்கையைக் காக்க விழையும் இளையோர்க்குக் களப்பயிற்சி இன்றியமையாதது என்பது என் கருத்து.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. செருமனியில் உயிரியல் கடிகாரம் குறித்து ஆராய்ந்து தாயகம் திரும்பிய பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அவரும் அவருடைய மாணவர்களும் மதுரையை அடுத்த இயற்கைக் குகையையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டனர். கதிரொளி புகாத குகையினுள் கூண்டில் வைக்கப்பட்ட இலைமூக்கு வௌவால்கள், அந்தியைக் காணாமலேயே, உடன்வாழும் கூட்டம் வெளியேறும் வேளையை அறிந்து அதற்கேற்ப இயங்கின. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனித்து வைத்தபோது அவற்றின் காலக்கணக்கு நாளுக்குநாள் விலகிச் சென்றது. இம்முடிவு 1981-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அக்குகையில் பயின்ற மாணவருள் ஒருவரான ஜி. மாரிமுத்து, பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி வௌவால் ஆய்வைத் தொடர்ந்தார்.

களத்தில் நிற்பவர் காண்பவை பல. வௌவாலின் சிறகு உண்மையில் நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோல் என்பதை அவர் அறிவார். இலுப்பையின் கனியைக் கவ்விச் சென்று, வேறிடத்தில் விதையை உதிர்ப்பதைக் காண்பார். கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் தந்த மரத்தை வளர்ப்பதில் இவ்விரவுப் பறவைக்கும் பங்குண்டு என்று வியப்பார். அது பறவையன்று, பாலூட்டி என்றும் உடனே தம்மைத் திருத்திக்கொள்வார். பெரும்பாலான வௌவால்கள் ஓர் ஈற்றில் ஒரே குட்டியை ஈனுகின்றன. ஆகவே, அழிந்த கூட்டம் மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகும்.

இந்த உண்மையைச் சட்டமும் நீண்டகாலம் கருதவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. அவற்றைக் கொல்வது குற்றமாகாது என்னும் நிலை நிலவியது. 2022-ஆம் ஆண்டின் திருத்தமே அப்பட்டியலை நீக்கியது. ஆயினும், தீபாவளியன்று வௌவால்களுக்காக வெடி வெடிக்காத சிற்றூர்கள் தமிழகத்தில் சட்டம் மாறுவதற்கு முன்பே இருந்தன. நாள்தோறும் அவற்றைக் கண்டு பழகிய மக்களின் பரிவு அது.

களப்பயிற்சியில் இடர் இல்லையா என்று பெற்றோர் வினவலாம். 2018-இல் கேரளத்தில் பரவிய நிபா நோய் அவ்வச்சத்தை மிகுவித்தது. பழந்தின்னி வௌவால்களிடம் அந்த நச்சுயிரி காணப்படுவது உண்மை. அதனால்தான் முறையான வழிகாட்டல் வேண்டும். வௌவாலைத் தொடாமை, அது கடித்த கனியை உண்ணாமை, உறைவிடத்துள் நுழைந்து ஒளி பாய்ச்சாமை ஆகியன முதற்பாடங்கள். இவை மாணவரையும் காக்கும்; வௌவாலையும் காக்கும். அஞ்சி விரட்டுவதைவிட அறிந்து விலகி நிற்பதே நன்று.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மேனிலைப் பள்ளிகள் ஆண்டுதோறும் சில மாலைப்பொழுதுகளை ஒதுக்கலாம். ஆசிரியர் உடன்வர, மாணவர் ஊரின் ஆலமரத்தையோ பழைய மண்டபத்தையோ தொலைவில் நின்று நோக்கி, வெளிவரும் வௌவால்களை எண்ணிக் குறிப்பேட்டில் பதியலாம். பல ஆண்டுக் குறிப்புகள் சேரும்போது, ஒரு மரம் வெட்டப்பட்டதன் விளைவையும் ஒரு மண்டபம் புதுப்பிக்கப்பட்டதன் விளைவையும் அவை உணர்த்தும்.

குகை வௌவால் அந்தியைத் தன் கூட்டத்திடமிருந்து அறிந்தது. நான்கு சுவருக்குள் பயிலும் மாணவர்க்கும் வெளியே சென்று வருவோரின் துணை வேண்டும். அடி அண்ணாமலையின் அந்திவானை இன்று நிமிர்ந்து நோக்கும் ஒரு மாணவி, நாளை அவ்வுயிர்களுக்காக வாதிடும் அறிஞராகலாம். அவ்வாய்ப்பை அவருக்கு அளிப்பது நம் கடமை.